சைலன்சர் மாற்றியாச்சு, ஜெட் மாற்றினீர்களா?

ஹோண்டா டிஆர்எக்ஸ் 400இஎக்ஸ் ஏடிவி, அதாவது மணலிலும் மண்ணிலும் ஓடும் நாலு சக்கர வண்டி, 1999 மாடலாக வந்தது. 397 சிசி, ஏர் கூல்டு, ஒற்றை சிலிண்டர், கார்பரேட்டர். அமெரிக்காவில் இதை வாங்கிய பலர் முதலில் சைலன்சரை மாற்றுவார்கள், அப்புறம் ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர்பாக்ஸின் மூடியைக் கழற்றுவார்கள். சத்தம் கணீரென்று வரும், வண்டியும் பாய்கிற மாதிரி இருக்கும். கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை, ஜெட். அதை மட்டும் தொடமாட்டார்கள்.

மூடி இருக்கும்போது ஏர்பாக்ஸுக்குள் லேசான உறிஞ்சல் உண்டு. கார்பரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே இழுப்பதில் அதற்கும் பங்கு இருக்கிறது. மூடியை எடுத்ததும் காற்று தாராளமாக வரும். பெட்ரோல் அதே அளவுக்குக் கூடாது. கலவை லீன் ஆகிவிடும், அதாவது காற்றுக்குத் தக்க பெட்ரோல் இருக்காது. ஒரு பங்கு பெட்ரோல் கணக்காக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வேகத்தில் இழுக்கவோ 13 பங்கை ஒட்டி இருந்தால்தான் நல்லது. லீனாக முழு ஆக்சிலரேட்டரில் மணல்மேடு ஏறினால் சூடு தாங்காமல் பிஸ்டன் போகும்.

“ஐடிலிங் நன்றாக நிற்கிறதே” என்பார்கள். ஐடிலிங்கைப் பார்ப்பது பைலட் ஜெட். ஆக்சிலரேட்டரின் நடுப்பகுதியில் நீடில் என்கிற ஊசி, கடைசிக் கால்வாசியில்தான் மெயின் ஜெட். ஐடிலிங் கலவை ஸ்க்ரூவைத் திருகி மெயின் ஜெட்டின் குறையைத் தீர்க்க முடியாது. ஆக்சிலரேட்டரான கட்டைவிரல் லீவரின் பக்கத்தில் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். எந்தக் கோட்டில் திணறுகிறதோ அந்தப் பாகத்தைக் கவனித்தால் போதும். மெயின் ஜெட்டில் பெரிய அளவில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் குறைத்து வருவதே பாதுகாப்பு.

கலவை சரியா என்று ஸ்பார்க் பிளக்கின் நிறம் பார்க்கிறவர்கள் செய்கிற தவறு இன்னொன்று. மெதுவாக ஓட்டிவந்து, நிறுத்தி, கழற்றிப் பார்ப்பது. அதில் தெரிவது ஐடிலிங் கரிதான். புது பிளக் போட்டு, முழு ஆக்சிலரேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து கில் சுவிட்சை அமுக்கிவிட்டுப் பாருங்கள்.

ஆக்சிலரேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடித்தால் உடனே ஜெட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம். எக்ஸாஸ்ட் இணைப்பில் காற்று கசிந்தாலும் அப்படித்தான் வெடிக்கும். கேஸ்கெட்டை முதலில் பாருங்கள்.

காற்று மெலிந்த கொலராடோ மலைக்கென்று சின்ன ஜெட் போட்டவர், அதே வண்டியைத் தாழ்வான கலிஃபோர்னியா கிளாமிஸ் மணலுக்கு ஏற்றிக்கொண்டு போகிறாரா? பெரிய ஜெட்டையும் டூல் பெட்டியில் போட்டுக்கொள்ளட்டும்.