லடாக் வெந்நீர் ஊற்றுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி சிம்மை மாத்திடுங்க

நூப்ரா பள்ளத்தாக்குல இருக்கிற பனாமிக் வெந்நீர் ஊற்றுக்கு போற பிளான் இருந்தா, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே உங்க பிரீபெய்டு சிம்மை போஸ்ட்பெய்டா மாத்திடுங்க. நம்பர் மாறாது, ஓடிபி போட்டு வீட்ல இருந்தே மாத்திக்கலாம், அங்க போய் புது சிம்முக்கு அலையுற நேரமும் காசும் மிச்சம்.

காரணம் இதுதான், பாதுகாப்பு கருதி வெளி மாநில பிரீபெய்டு சிம் எதுவும் லடாக்லயும் ஜம்மு காஷ்மீர்லயும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான் எடுக்கும். லே ஏர்போர்ட்ல இறங்கினதுமே போன் செத்துப்போச்சுன்னா டாக்ஸிக்காரருக்கு கூப்பிட முடியாது, ஜிபே பண்ண முடியாது, பேங்க் ஓடிபி கூட வராது. குடும்பத்துல ஒருத்தர் மாத்தினாலே போதும், மத்தவங்க அவங்க ஹாட்ஸ்பாட்ல ஓட்டிக்கலாம், ஆனா அவங்கவங்க நம்பருக்கு வர்ற ஓடிபி வராதுங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க.

போஸ்ட்பெய்டு இருந்தாலும், லேயில இருந்து நூப்ரா போறப்ப வர்ற கர்துங் லா மலைக்கணவாய் ஏறி இறங்குற வழியில பல இடத்துல சிக்னல் இருக்காது, நூப்ராலயும் விட்டு விட்டுதான் கிடைக்கும். அதனால லேயிலயே பணம் எடுத்துட்டு, மேப்பை ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணிக்கோங்க, தங்குற இடத்துக்கும் முன்கூட்டியே பேசிடுங்க.

ஹிமாச்சல்ல மணிகரண், வசிஷ்ட் மாதிரி வெந்நீர் ஊற்றுக்கு போறவங்களுக்கு இது தேவையே இல்ல, அங்க நம்ம ஊர் பிரீபெய்டே வேலை செய்யும். அப்புறம் திரும்பி வந்ததும் உடனே பிரீபெய்டுக்கு மாற விட மாட்டாங்க, கொஞ்ச நாள் காத்திருக்கணும், அதனால இருக்கிறதுலயே சின்ன பிளானா எடுங்க.