வைரஸுக்குப் பெயர் தெரிவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

2018 மே 5 அன்று கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓர் இளைஞர் இறந்தார். காய்ச்சல், மூளை அழற்சி என்பதற்கு மேல் அன்று யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு வாரத்துக்குள் அவருடைய சகோதரரும் அதே அறிகுறிகளோடு வேறொரு மருத்துவமனைக்கு வந்தார். அங்கே மருத்துவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. மாதிரிகள் மணிப்பால் ஆய்வகத்துக்குப் போயின, பிறகு புனேவுக்கு. மே 20 அன்று அது 'நிபா' வைரஸ் என்று உறுதியானது. அதற்குள் தொற்று தன் வேலையைப் பெரும்பாலும் முடித்திருந்தது. ஆய்வகத்தில் உறுதியான 18 பேரில் பிழைத்தவர்கள் இருவர்தான்.

கொள்ளைநோய்க்குத் தயாராவது என்றால் தனி வார்டு, கவச உடை, வென்டிலேட்டர் என்றே நிர்வாகங்கள் கணக்குப் போடுகின்றன. இவையெல்லாம் வைரஸின் பெயர் தெரிந்த பிறகு கைகொடுப்பவை. பெரும் சேதம் நடப்பது பெயர் தெரியாத அந்த முதல் நாட்களில். எனவே தவறுகளையும் அங்கேதான் தேட வேண்டும்.

முதல் தவறு, ஆய்வக முடிவு வரட்டும் என்று காத்திருப்பது. 2001-இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 66 பேருக்கு ஒரு மர்மக் காய்ச்சல் வந்தது, 45 பேர் இறந்தார்கள். நோயாளிகளில் சுமார் முக்கால்வாசிப் பேர் மருத்துவமனை ஊழியர்கள் அல்லது அங்கே நோயாளியைப் பார்க்கப் போனவர்கள். அதுவும் நிபாதான் என்று ஆய்வுக் கட்டுரை வெளியானது 2006-இல்! காத்திருந்தால் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். இருமலோடு காய்ச்சல் என்று ஒருவர் வந்தால் நுழைவாயிலிலேயே அவருக்கு முகக்கவசம் கொடுத்துத் தள்ளி உட்கார வைப்பதற்கு எந்த ஆய்வகத்தின் அனுமதியும் தேவையில்லை. ஒரே வார்டிலோ ஒரே குடும்பத்திலோ காரணம் புரியாத இரண்டாவது மூளை அழற்சி வந்தால், அதையே எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வார்டைப் பார்த்துக்கொண்டு வராந்தாவை மறப்பது. கோழிக்கோட்டில் பலருக்குத் தொற்று கிடைத்த இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு அல்ல, சிடி ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த நடைபாதை. இடைவிடாமல் இருமிக்கொண்டிருந்த அந்த இளைஞரை ஸ்கேனுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதே நடைபாதையில் மற்ற நோயாளிகளும் உறவினர்களும் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். நம் ஊர் மருத்துவமனை எதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: சுவரோரம் ஸ்ட்ரெச்சர், அதன் தலைமாட்டில் சோற்றுத் தூக்கோடு ஒரு பெரியவர், எதிரே எக்ஸ்ரே உறையை மடியில் வைத்திருக்கும் ஒரு பெண், நடுவே துடைப்பத்தோடு போய்வரும் ஊழியர். இவர்களில் யாருடைய பெயரும் எந்தத் தொற்றுத் தடுப்புத் திட்டத்திலும் இருக்காது.

தென்கொரியாவில் 2015-இல் மெர்ஸ் என்ற சுவாச நோய் பரவியபோதும் இதே கதைதான். சியோலின் பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் இருந்த ஒரே நோயாளியிடமிருந்து 82 பேருக்குத் தொற்றியது. அவர்களில் 33 பேர் நோயாளிகள், 8 பேர் ஊழியர்கள், மீதி 41 பேர் வந்துபோனவர்கள். சரிபாதி! நோயாளிக்குத் துணையாகக் குடும்பமே வந்து உட்காரும் வழக்கம் அங்கேயும் உண்டு. படுக்கையில் இருப்பவரை எல்லாரும் எண்ணுகிறார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருப்பவரை எண்ணுவதில்லை. ஸ்கேனுக்கு எந்த வழியாக, எந்த நேரத்தில், யார் தள்ளிக்கொண்டு போவது என்று முன்கூட்டியே முடிவு செய்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனாலும் பலர் இதைச் செய்வதில்லை.

அதே மருத்துவமனையில் இன்னொன்றும் நடந்தது. நோயாளிகளை இடம் மாற்றும் ஓர் ஒப்பந்த ஊழியர், அறிகுறிகள் தொடங்கிய பிறகும் பல நாள் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். கண்காணிப்பில் இருந்தவர்களில் அவர் இல்லை. மருத்துவர், செவிலியர் பட்டியலோடு நிறுத்திவிட்டால் துப்புரவுப் பணியாளர், காவலாளி, உணவு கொண்டுவருபவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எல்லாரும் விடுபட்டுப் போவார்கள். காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்பவரிடம் 'அறிகுறி இருந்தால் சொல்லுங்கள்' என்று சுற்றறிக்கை ஒட்டுவதில் என்ன பயன்?

கேட்கப்பட்ட தகவல் உரியவரிடம் போய்ச் சேராமல் போவதும் உண்டு. 2014 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் டல்லஸ் நகர மருத்துவமனை ஒன்றுக்குக் காய்ச்சலோடு வந்தவர், அப்போது எபோலா பரவிக்கொண்டிருந்த மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர். செவிலியர் அதைக் கேட்டுப் பதிவும் செய்திருந்தார். ஆனாலும் அவரை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று நாளில் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார், எபோலா என்று உறுதியானது, அக்டோபர் 8 அன்று இறந்தார். அவரைக் கவனித்த இரண்டு செவிலியருக்குத் தொற்றியது, இருவரும் பிழைத்தார்கள். கணினியில் ஏற்றிவிட்டோம் என்று இருப்பதைவிட, ஒரு செவிலியர் எழுந்து போய் மருத்துவரிடம் வாயால் சொல்லும் பழக்கம் எவ்வளவோ மேல்.

கவச உடையைப் பற்றி ஒரு வார்த்தை. அணிவதற்குத்தான் எல்லாரும் பயிற்சி கொடுக்கிறார்கள், ஆபத்து இருப்பது கழற்றுவதில். ஆறு மணி நேரப் பணி முடிந்து, வியர்வையில் கண்ணாடி மங்கி, மூக்கு அரிக்கும்போது கை தானாக முகத்துக்குப் போகும். பயிற்சியில் மேலங்கியின்மீது ஒளிரும் பொடியைப் பூசிவிட்டுக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். பிறகு விளக்கை அணைத்து, புற ஊதா ஒளியைக் காட்டினால் காது மடலிலும் கழுத்திலும் மூக்குக்கண்ணாடியின் காம்பிலும் மின்னும். இதைவிடப் புரியும்படி எந்தச் சொற்பொழிவும் சொல்லாது. அதனால்தான் கழற்றும்போது எதிரே ஒருவர் நின்று 'இப்போது கையுறை, இப்போது கை கழுவுங்கள், முகக்கவசம் கடைசியில்' என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று முதலில் இவரைத்தான் எடுத்துவிடுகிறார்கள்.

சின்னத் தவறுகள் சில: நேற்றுக் கலந்த பிளீச்சிங் கரைசலை இன்றும் பயன்படுத்துவது; தனிமை அறையில் உள்காற்றையே சுழற்றும் ஏசியைப் போட்டுக் கதவையும் திறந்து வைப்பது; தேதி சொல்லி ஒத்திகை நடத்திப் படம் எடுத்துக்கொள்வது. கழிவு மட்டும் சின்ன விஷயம் அல்ல. 2014-இல் எபோலா நோயாளிகளை ஏற்ற அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழக மருத்துவமனை, இப்படியொரு நாளுக்காகவே தனிப் பிரிவு வைத்திருந்த இடம். அங்கேயே கழிவு எடுக்கும் நிறுவனம் கைவிரித்துவிட்டது. நாளொன்றுக்கு 40 பை வரை சேர்ந்தன.

கடைசியாக, ஊழியர் வாசலைத் தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்று யோசிக்காமல் இருப்பது. கோழிக்கோட்டின் அந்த முதல் நிபா நோயாளியைக் கவனித்த பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி, 2018 மே 21 அன்று இறந்தார். அதன் பிறகு அதே மருத்துவமனையின் மற்றச் செவிலியர்களைப் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஏற்றிக்கொள்ளத் தயங்கினார்கள். இரவுப் பணி முடித்தவர் வீட்டுக்கு எப்படிப் போவார், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் எங்கே தங்குவார், அந்த வாரம் அவருக்குச் சோறு யார் கொடுப்பார் என்ற மூன்று கேள்விக்கும் உங்கள் மருத்துவமனையின் திட்டத்தில் பதில் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.