குடியேறியவரிடமிருந்து தேடலைத் தொடங்காதீர்கள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நெடுங்காலமாக வாழும் குடும்பங்கள் பலவற்றில், 1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளைக் கொண்டுவந்த மேஃபிளவர் கப்பலில் வந்திறங்கியவர்களுள் தங்கள் முன்னோர் ஒருவரும் உண்டு என்ற பேச்சு வழிவழியாக இருந்துவருகிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பயணிகள் பட்டியலை எடுத்துத் தங்கள் குடும்பப் பெயரைத் தேடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. அக்கப்பலில் வந்த 102 பயணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே மாண்டார்கள். 1629இல் அதே பெயருடைய வேறொரு கப்பலும் அவர்கள் குடியேறியிருந்த பிளிமத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்தது. எனவே தன்னில் தொடங்கி, பெற்றோர், பாட்டன் பாட்டி என்று தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்வதே முறை.

அப்படிச் செல்லும்போது நூல் அறுவது பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டில் அன்று, அதை எட்டுவதற்கு வெகு முன்பே. 1790 முதல் 1840 வரையிலான அமெரிக்கக் கணக்கெடுப்புகள் குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே பதிந்தன. அடிமைகள் நீங்கலாக வீட்டிலுள்ள எல்லோரின் பெயரும் 1850இல்தான் இடம்பெற்றது. இந்த இடைவெளியை உயில், நிலப் பத்திரம், தேவாலயப் பதிவேடு ஆகியவற்றால் நிரப்பாமல் தாண்டிவிடுபவர்கள், யாரோ ஒருவருடைய மூதாதையைத் தம்முடையவராக்கிக் கொள்கிறார்கள்.

தேதிகளில் நேரும் பிழை இன்னும் நுட்பமானது. 1752க்கு முன்பு இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஒரு தம்பதிக்கு 1641 ஏப்ரலில் திருமணம் என்றும், அவர்களின் முதல் குழந்தைக்கு 1641 பிப்ரவரியில் ஞானஸ்நானம் என்றும் பதிவேடு சொன்னால், குழந்தை திருமணத்துக்கு முன்பே பிறந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1642ஐச் சேர்ந்தது, திருமணமாகிப் பத்து மாதம் கழித்து வருவது. மேலும், இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்த விரும்பிய பியூரிட்டன்கள் மாதங்களைப் பெயரால் குறிக்காமல் எண்ணால் குறிப்பதுண்டு. அவர்களுக்கு முதல் மாதம் மார்ச், பன்னிரண்டாம் மாதம் பிப்ரவரி. இத்தகைய தேதிகளை 1641/42 என்று இரட்டை ஆண்டாக எழுதிவைப்பதே பாதுகாப்பானது. அவரவர் விருப்பப்படி திருத்தி எழுதினால், அடுத்து வருபவர் அதை மறுபடியும் திருத்திவிடுவார்.

வர்ஜீனியாவில் வேறு விதமான பொறி காத்திருக்கிறது. ஒருவரின் கடல் பயணச் செலவை ஏற்றவருக்கு, தலைக்கு 50 ஏக்கர் நிலம் கோரும் உரிமை அங்கு வழங்கப்பட்டது. அந்த நில ஆவணத்தில் உள்ள ஆண்டு, நிலம் பெற்ற ஆண்டே தவிர, அதில் பயணியாகப் பெயர் குறிக்கப்பட்டவர் வந்திறங்கிய ஆண்டு அன்று; இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்திருக்கலாம். உரிமை கைமாறியதும் உண்டு, ஒரே ஆளைக் காட்டி இருவர் நிலம் கோரியதும் உண்டு.

அச்சில் வந்துவிட்டது என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். குஸ்தாவ் ஆஞ்சு என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வசதியான அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பொய் வம்சாவளிகளைத் தயாரித்து விற்றார். உண்மையான ஆவணங்களுக்கு நடுவே இட்டுக்கட்டியவற்றையும் அவர் கலந்துவைத்ததால் பிரித்தறிவது கடினம். அவை இன்றும் இணையத்து வம்ச மரங்களில் நகலெடுக்கப்பட்டு வருகின்றன. ஒரே தகவல் ஐம்பது மரங்களில் இருந்தாலும், மூலம் ஒன்றே என்றால் அது ஒரே சான்றுதான்.

கடலைத் தாண்டி இங்கிலாந்துக்குள் நுழையும்போது மிகுந்த நிதானம் தேவை. அங்கே தேவாலயப் பதிவேடுகள் 1538 முதல் தொடங்குகின்றன. குடியேறியவரின் பெயரும் ஏறக்குறைய வயதும் பொருந்தும் ஒரு ஞானஸ்நானப் பதிவு கிடைத்தவுடன் பலர் தேடலை முடித்துக்கொள்கிறார்கள். ஜான், வில்லியம், மேரி போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் நிறைந்திருந்த காலம் அது. அந்தக் குழந்தை அதே ஊரில் சிறுவயதிலேயே அடக்கம் செய்யப்பட்டதா, வளர்ந்து அங்கேயே மணம் முடித்து வாழ்ந்ததா என்பதை அதே பதிவேட்டின் பிற்பகுதியில் பார்த்து, பிறகு அப்பகுதி உயில்களில் கடல் கடந்துபோன மகனையோ சகோதரனையோ பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும்.