கால்நடை ஆய்வாளருக்கு மேற்கோள் கணக்கு எடுப்பது எப்படி?

கால்நடை மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை எனக்கு. பதவி உயர்வு விண்ணப்ப நேரத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "மேடம், என் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?" ஒருவரின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துப் போடும் எண் அது.

அதற்கு முன்னால் பெயரைச் சரிசெய்யுங்கள். நம்மவர்களுக்குத் தலைவலியே இனிஷியல்தான். ஒரு கட்டுரையில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால். மூன்றாவதில் அப்பா பெயரே குடும்பப்பெயராகி உட்கார்ந்திருக்கும். 'ஆர்கிட்' (ORCID) தளத்தில் ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண் இலவசமாகக் கிடைக்கிறது. வாங்கி, எல்லாக் கட்டுரைகளையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் உங்கள் பக்கம். கட்டுரைகளைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் மாட்டு மடிநோய் ஆராய்ந்தவர் கணக்கில், அதே பெயருள்ள யாரோ ஒருவரின் இதய அறுவை சிகிச்சைக் கட்டுரை வந்து சேரும்.

எச்-இன்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். 40, 12, 6, 4, 1 என்றால் நான்காவது கட்டுரைக்கு நான்கு உண்டு. ஐந்தாவதற்கு ஐந்து இல்லை. ஆகவே விடை 4. முதல் கட்டுரைக்கு நானூறு வந்தாலும் அதே 4தான்!

ஸ்கோபஸ் என்ற கட்டணத் தரவுத்தளத்தைவிட ஸ்காலரில் எண் பெரும்பாலும் கூடும். ஆய்வேடுகளையும் அது எண்ணுகிறது. எந்தத் தளம், எந்தத் தேதி என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். மருத்துவக் கட்டுரைத் தளமான பப்மெட்டில் மட்டும் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள், கால்நடை இதழ்கள் பல அதில் இல்லை. வேளாண்மை, கால்நடைத் துறைகளுக்கான 'கேப் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' (CAB Abstracts) தரவுத்தளத்தையும் பாருங்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர்களைக் கூட்டி மொத்தம் போடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். அது இதழுக்கான அளவு (அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாக வரும் மேற்கோள்), உங்களுக்கானது அல்ல.