லினக்ஸ் நிறுவல் பாதியில் நிற்கிறதா? அடுத்த டிஸ்க்கை எழுதும் முன் இதைப் பாருங்கள்

நிறுவல் பாதியில் நின்று 'இன்புட்/அவுட்புட் எரர்' என்று வந்தால், எதையோ படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்று பொருள். 'ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்' (சுருக்கி வைத்த லினக்ஸ் கோப்புகளைப் படிப்பதில் வரும் பிழை) என்றால் நீங்கள் எழுதிய நிறுவல் டிவிடி டிஸ்க்கின் மீதுதான் முதல் சந்தேகம். ஆனால் உடனே இன்னொரு டிஸ்க்கை எழுத உட்காராதீர்கள்.

முதலில் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது டிஸ்க்கில் எழுத நீங்கள் பதிவிறக்கிய லினக்ஸ் கோப்பை, சோதியுங்கள். பதிவிறக்கப் பக்கத்திலேயே எஸ்ஹெச்ஏ-256 செக்சம் என்று, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளம் ஒன்று 64 எழுத்து நீளத்தில் இருக்கும். லினக்ஸ் டெர்மினலில் 'எஸ்ஹெச்ஏ256சம்' (sha256sum) கட்டளையும் கோப்பின் பெயரும் கொடுத்தால், உங்கள் கோப்புக்கான செக்சம் வரும். பக்கத்தில் உள்ளதிலிருந்து ஒரு எழுத்து மாறினாலும் கோப்பு சரியில்லை; மறுபடி பதிவிறக்குங்கள். ஆரம்பத்தில் நான் இதைப் பார்க்காமல், கெட்டுப்போன ஒரே கோப்பை மூன்று டிஸ்க்குகளில் எழுதினேன். மூன்றும் ஒரே இடத்தில் நின்றன. அதுவே நல்ல தடயம்: வெவ்வேறு டிஸ்க்குகள் ஒரே இடத்தில் நின்றால் முதலில் கோப்பைச் சந்தேகப்படுங்கள்.

கோப்பு சரி என்றால், அப்புறம் டிஸ்க். லினக்ஸ் மின்ட், ஃபெடோரா இரண்டிலும், டிஸ்க்கிலிருந்து கணினி தொடங்கும்போது வரும் பூட் மெனுவிலேயே டிஸ்க்கைச் சோதிக்கும் வசதி உண்டு. உபுண்டு 20.04 முதல் அது தானாகவே நடக்கும். கன்ட்ரோல்-சி அழுத்தினால் தாண்டிவிடலாம், தயவுசெய்து தாண்டாதீர்கள்.

பிழை காட்டினால் மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும், அதை டிரைவால் ஈடுகட்ட முடியாது. அதற்கும் சரியாகவில்லை என்றால் புது டிஸ்க்கில் குறைந்த வேகத்தில் எழுதுங்கள். கோப்பை அப்படியே நகலெடுக்காமல் 'இமேஜ்' ஆக எழுத வேண்டும். டிஸ்க்கைத் திறந்தால் ஒற்றை ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரிகிறதா? தவறாக எழுதியிருக்கிறீர்கள்.

சோதனையில் தேறிய டிஸ்க்கும் தடுமாறினால், லைவ் அமர்வில் (நிறுவாமல் டிஸ்க்கிலிருந்தே இயங்கும் லினக்ஸில்) 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையை ரூட், அதாவது நிர்வாகி, உரிமையோடு இயக்குங்கள். பிழை வரிகளில் 'எஸ்ஆர்0' (sr0) என்றிருந்தால் சிக்கல் டிஸ்க்கிலோ டிரைவிலோ இருக்கிறது. 'எஸ்டிஏ' (sda) என்றிருந்தால் பெரும்பாலும் அது உங்கள் ஹார்ட் டிஸ்க். நிறுவலை விட்டுவிட்டு, முதலில் உங்கள் கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுங்கள்.

டிரைவே பழசு என்றால் பென்டிரைவ்தான் நல்லது. புதிய உபுண்டு ஐஎஸ்ஓ 4.7 ஜிபி டிவிடியில் அடங்குவதும் இல்லை. எழுதும்போது பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும், முன்பே எடுத்து வையுங்கள்.