தலை-தோள் வடிவத்தை நிரல் வழியே கண்டறிதல்

தலை-தோள் என்பது பங்கு விலைக்கோட்டில் நடுவே உயர்ந்த ஓர் உச்சமும் (தலை), அதன் இருபுறமும் தாழ்ந்த இரு உச்சங்களும் (தோள்கள்) அமையும் வடிவம். அதைத் தேடும்போது நாள்தோறும் பதிவாகும் முடிவு விலைகளை அப்படியே ஆராய்ந்தால் ஒவ்வொரு சிறு அசைவும் உச்சமாகத் தோன்றும் என்பதால், முதலில் கெர்னல் சராசரியால் (அருகிலுள்ள நாள்களின் விலைகளுக்குக் கூடுதல் எடை தரும் சராசரி) விலைக்கோட்டை மென்மையாக்கி, அதன் சரிவு குறி மாறும் இடங்களை மட்டுமே உச்சங்களாகவும் பள்ளங்களாகவும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ரூ லோ, ஹாரி மமேஸ்கி, ஜியாங் வாங் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வின் வரையறைப்படி, அடுத்தடுத்த ஐந்து திருப்பங்களில் முதலாவது உச்சமாகவும், மூன்றாவது மற்ற இரு உச்சங்களையும்விட உயரமாகவும் இருக்க வேண்டும். இரு தோள்களும் தம் சராசரியிலிருந்து 1.5 விழுக்காட்டுக்குள் அமைய வேண்டும், பள்ளங்களுக்கும் அதே வரம்புதான். தோள்கள் 100, 102 எனில் ஏற்கலாம். 100, 104 எனில் விலகல் ஏறத்தாழ 1.96 விழுக்காடாவதால் தள்ளிவிட வேண்டும்.

பலரும் சறுக்குவது இனிமேல்தான்: கெர்னல் இருபுறத்து விலைகளையும் கலப்பதால், பழைய தரவு முழுவதையும் ஒரே வீச்சில் மென்மையாக்கினால் நாளைய விலை இன்றைய உச்சத்துக்குள் கசிந்து, சோதனை முடிவுகள் பொய்யாக மினுங்கும். எனவே 38 நாள் சாளரத்தை நாள்தோறும் நகர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியே மென்மையாக்கி, கடைசி மூன்று நாள்களை வடிவம் முடிந்துவிட்டதை உறுதிப்படுத்த ஒதுக்க வேண்டும்.