சம்பளச் சீட்டில் இருக்கும் 1257எல்

இங்கிலாந்தில் வேலை மாறிய முதல் மாதம், நான் கணக்குப் போட்டதைவிட ஏறக்குறைய 210 பவுண்டு குறைவாகக் கைக்கு வந்தது. சம்பளம் போடும் அம்மாவிடம் கேட்டேன். "உங்க டாக்ஸ் கோட் பிஆர், அதன்படிதான் பிடிச்சிருக்கோம்" என்றார். டாக்ஸ் கோட் என்பது சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லும் குறியீடு. பிஆர் என்ற அந்த இரண்டு எழுத்தை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

முதலில் வழக்கமான கோடான 1257எல்-இல் உள்ள எண்ணைப் பார்ப்போம். இங்கே பெரும்பாலானவர்களுக்கு வருஷத்தில் 12,570 பவுண்டு வரை வருமான வரி கிடையாது. அதன் கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டால் 1257. பின்னால் வரும் எல், வழக்கமான வரிவிலக்கு என்பதற்கான எழுத்து. மாதக் கணக்கில் சுமார் 1,048 பவுண்டு வரியில்லாமல் கழியும். பிஆர் என்றால் அந்தக் கழிவே இல்லை, முதல் பவுண்டிலிருந்து 20 சதவீதம். 1,048-இல் 20 சதவீதம் எவ்வளவு? என்னுடைய 210 பவுண்டு அங்கேதான் போயிருந்தது.

காரணம் நான் சேர்ந்த அன்று நிரப்பிய படிவம். பழைய கம்பெனி வேலையை விடும்போது தரும் சம்பள, வரிச் சான்றான பி45 கையில் இல்லாததால் ஏ, பி, சி என்ற மூன்று வாக்கியங்களில் ஒன்றைக் குறிக்கச் சொன்னார்கள். பழைய இடத்தில் கடைசிச் சம்பளம் இன்னும் வரவில்லையே என்று, இன்னொரு வேலையும் இருக்கிறது என்னும் 'சி'யைக் குறித்துவிட்டேன். உண்மையிலேயே இரண்டு வேலை பார்ப்பவருக்கு இரண்டாவதில் பிஆர் வருவது சரிதான், பயப்பட வேண்டாம்.

பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சியின் ஆப்பில் நுழைந்தால் ஒவ்வொரு வேலைக்கும் என்ன கோட், எப்படி வந்தது என்று காட்டும். விட்டுவந்த வேலை இன்னும் நடப்பதாக இருக்கிறதா, வருஷ வருமானத்தைச் சரியாக மதிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கம்பெனி 600 பவுண்டுக்கு மருத்துவக் காப்பீடு தந்தால் 12,570-இல் அது கழிந்து கோட் 1197எல் ஆகும். காப்பீட்டை நிறுத்திய பிறகும் எண் அப்படியே இருந்தால் வீணாக வரி கட்டுகிறீர்கள்.

கோடின் கடைசியில் டபிள்யூ1, எம்1, எக்ஸ் என்று ஒட்டியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது தற்காலிகக் கோட். ஒவ்வொரு சம்பளத்தையும் தனித்தனியாகத்தான் கணக்கிடுவார்கள், அதனால் முந்தைய மாதங்களில் அதிகம் பிடித்தது தானாகத் திரும்பாது. முன்னால் எஸ் இருந்தால் ஸ்காட்லாந்து, சி இருந்தால் வேல்ஸ். வீடு மாறியவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் பலர் விட்டுவிடுவது திருமண அலவன்ஸ். கணவன், மனைவியில் ஒருவர் 12,570-க்குக் கீழே சம்பாதித்து மற்றவர் 20 சதவீத வரி கட்டுபவராக இருந்தால், 1,260 பவுண்டு விலக்கை மாற்றித் தரலாம். வருஷத்துக்கு 252 பவுண்டு வரை மிச்சம். பெறுபவரின் கோட் எம் என்று முடியும். தகுதி இருந்தால் முந்தைய 4 வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்கலாம், தயவுசெய்து கேளுங்கள்.

சரி, தப்பு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கம்பெனியிடம் சண்டை போட்டுப் பயனில்லை. எச்எம்ஆர்சி புதுக் கோட் அனுப்பினால்தான் அவர்கள் மாற்ற முடியும். ஆப்பிலேயே விவரத்தைத் திருத்தலாம், அல்லது நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணை (வரிக்கும் சமூகக் காப்பீட்டுக்கும் உங்களுக்கான அடையாள எண்) கையில் வைத்துக்கொண்டு 0300 200 3300-ஐ அழைக்கலாம். நான் அழைத்தேன். அடுத்த சம்பளச் சீட்டில் 1257எல் என்று இருந்தது, பிடித்த 210 பவுண்டும் அதிலேயே திரும்பி வந்தது.